முதல் கட்டிலில் படுத்தவன்

அன்பு மகளுக்கு,

இங்கே லிரா ஊரில் எங்கள் சேவைச் சங்கம் இலவசக் கண்புரை முகாம் நடத்தியது. மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் “பயப்படாதீங்க” என்று வீரம் பேசினேன். ஒருவரும் அறுவை சிகிச்சைக் கட்டிலில் ஏறவில்லை. மருத்துவர்கள் புறப்படத் தயாரானார்கள்.

கடலை விற்கும் ஆட்டிம் என்பவள் கத்தினாள்: “ஏய் மஞ்சச் சட்டை! உன் கண்ணுலயும்தான் புரை. மொதல்ல நீ படுய்யா, பாப்போம்!”

மூன்று வருடம் நீ கெஞ்சியும் செய்யாததை ஊர் சிரிப்புக்குப் பயந்து செய்தேன். மஞ்சள் சட்டையோடே முதல் கட்டிலில் ஏறிப் படுத்தேன். பின்னாலேயே அறுபத்தெட்டுப் பேர் படுத்தார்கள்!

கட்டு அவிழ்த்ததும் உன் கடிதங்களை நானே படித்தேன். எனக்கு வாசித்துக்காட்டிவந்த சங்கச் செயலாளர் ஓபோல், நீ திட்டியதையெல்லாம் விட்டுவிட்டே படித்திருக்கிறார்! கேட்டால், “நண்பன்னா வேற என்னய்யா செய்வான்?” என்கிறார்.

இனி தாராளமாகத் திட்டு. ஒரு வரி விடாமல் படிப்பேன்.

உன் அப்பா