கவுனியரிசி வந்த பந்தி

சென்னை
12.7.1969

அன்புள்ள வள்ளிக்கண்ணு மதினிக்கு,

நாகவல்லி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் வரவில்லை. எம்.ஏ. வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத்திலேயே சிரிக்கிறார்கள். காரைக்குடியில் பி.ஏ. படித்தபோது சாயங்காலம் பஸ் ஏறினால் உங்கள் கைக் காப்பி கிடைக்கும். இங்கே விடுதி மணி அடித்தால்தான் சோறு.

ஒரு வெட்கக்கேடு. அண்ணனிடம் சொல்லாதீர்கள். வந்த நாளிலிருந்து, மணி அடித்தும் உள்ளே போகாமல் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே நின்றிருக்கிறேன். எல்லாரும் எழுந்த பிறகு, பரிமாறும் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. கொத்தமங்கலம் பெரிய வீட்டுக் கல்யாணங்களில், அண்ணன் செய்த மணவறையைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பந்திக்குக் காத்திருப்போமே, அந்தப் பழக்கம் என் கால்களில் இருந்திருக்கிறது. அறைத்தோழி சீதைதான் பார்த்துவிட்டு, "ஏன் நாகு, உனக்கு விரதமா?" என்று கேட்டாள்.

ஊருக்கே வந்துவிடலாம் போலிருக்கிறது.

உங்கள்
நாகு


ஆத்தங்குடி
20.7.1969

அன்பு நாகுவுக்கு,

மதினி ஆசீர்வாதம். அடி கூறுகெட்டவளே! உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அண்ணன், "தங்கச்சி என்ன எழுதியிருக்கு?" என்றார்கள். "சாப்பாடு பிடிச்சிருக்காம்" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார். என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். உனக்குப் பதிலாக நான் வந்து உட்கார முடியாது. ஊருக்கு வருகிற பேச்சை இன்னொரு தரம் எழுதினால் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன்.

தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

மதினி
வள்ளிக்கண்ணு


சென்னை
3.10.1969

அன்புள்ள மதினிக்கு,

உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் பாதியிலேயே எழுந்துவிட்டேன், இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறேன்.

ஆனால் நான் உட்கார்ந்ததால், பரிமாறும் பெண்களில் அழகு என்பவளுக்கு என்ன கிடைத்தது? அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். எங்களுக்கெல்லாம் போட்டு முடித்தபின் அவளுக்கு மிஞ்சுவது ரசத்தின் அடிமண்டி. வந்த புதிதில் நானும் அதைத்தான் அவளோடு சாப்பிட்டேன், அதனால் தெரியும். அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து வைக்காவிட்டால் நாங்கள் இலையில் உட்காரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சீதையும் இன்னும் சிலரும் என்னோடு நிற்கிறார்கள்.

விடுதி அம்மாள் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "தச்சன் மகளுக்குப் போராட்டம் கேக்குதோ?" என்றார். என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அண்ணனிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மதினி, எனக்கு இப்போது ஊருக்கு வர விருப்பமில்லை.

நாகு


சென்னை
22.10.1969

மதினி,

ஏன் பதில் இல்லை? "பெரிய வீட்டுக் கல்யாண வேலை முடிஞ்சதும் வாரேன், துணிமணியைக் கட்டி வை" என்று அண்ணன் கார்டு போட்டிருக்கிறார். நான் எதையும் கட்டவில்லை.

இங்கே ஜெயித்துவிட்டோம். நேற்று அழகு சூடாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். "நாக்கு வெந்துபூட்ச்சு கண்ணு" என்று சிரித்தாள். அண்ணன் வந்து கூட்டிப்போனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்?

நாகு


ஆத்தங்குடி
2.11.1969

அன்பு நாகுவுக்கு,

கோபப்படாதே. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் எதை எழுதுவது? நான் பேசினேன். "பொட்டப்புள்ளைக்கு ஊர்வம்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உன் அண்ணன் அதற்குமேல் காது கொடுக்கவில்லை.

பெரிய வீட்டுக் கல்யாணத்தன்று காலைப் பலகாரத்துக்கு, முதல் பந்தியில் இலை போட்டதும் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தேவகோட்டை ஆச்சி ஒருவர். கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"ஏத்தா, ஆசாரி வீடுதானே? செத்த பொறுக்கக் கூடாதா?"

"பசிக்குதுங்க" என்றேன். உன் அண்ணன் தூணோரம் நின்று, எழுந்து வா என்று கண்ணைக் காட்டினார்கள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவன் என்னைத் தாண்டிப் போனான்.

"ஏப்பா, இங்குட்டு ஒரு இலை கிடக்கே, கண்ணு தெரியலையா?" என்றார் ஆச்சி. எனக்காகச் சொன்னாரோ, வரிசை கெட்டதே என்று சொன்னாரோ. எப்படியோ இலையில் விழுந்தது.

திரும்பும் வழியில் உன் அண்ணன் எனக்கு முன்னால் நடந்தார்கள். கண்மாய்க் கரை வந்ததும் மெதுவாக, "கவுனியரிசி போட்டாகளா?" என்று கேட்டார்கள்.

"போட்டாக."

"இத்தனை வருசமா அந்த இனிப்பை அண்டாவோட தூக்கிட்டுப் போறதைப் பாத்திருக்கேன். நம்ம பந்திக்கு வந்து சேந்ததே இல்ல. எப்படி இருந்துச்சு?"

நான் என்ன சொல்ல, நாகு? "கறுப்பா இருந்துச்சு. இனிச்சுச்சு" என்றேன். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மெட்ராஸுக்குக் கிளம்பவில்லை. "போகலையா?" என்றேன். "அது உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கட்டும்" என்றார்கள்.

பெரிய வீட்டில் இன்னும் கதவு வேலை பாக்கி இருக்கிறது. கூப்பிட ஆள் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக நீ அங்கே அழாதே, படி.

பொங்கலுக்கு வா. காரைக்குடிக் கடைகளில் கவுனியரிசி எங்கே கிடைக்கும் என்று உன் அண்ணன் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மதினி
வள்ளிக்கண்ணு