டப்ஸ்டெப் பழசாகிவிட்டது என்று எழுதியவளுக்கு

திருப்புலி நாடு, கொல்லிமலை
3.8.2025

கோகிலவாணிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இதில் தேடாதே. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கும் மனசும் இப்போதைக்கு இல்லை. உன் நம்பரைத் தடை செய்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிப்போவேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் அப்படித்தான் என்னை ஏய்த்தாய். அதனால்தான் கடிதம். பெங்களூர் விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன்.

உன் கட்டுரையைப் படித்தேன். டப்ஸ்டெப் இசை காலாவதியாகிவிட்டதா என்று தலைப்பில் கேட்டுவிட்டு, மூன்றாவது வரியில் ஆகிவிட்டது என்று நீயே சொல்லிவிட்டாய். அது உன் தொழில், எழுதிக்கொள். கடைசிப் பத்தியில் என்னை எதற்கு இழுத்தாய்? "கொல்லிமலையில் என் தோழி ஒருத்தி மிளகு காயவைத்துக்கொண்டே இன்னும் டப்ஸ்டெப் செய்கிறாள். 2011இல் எல்லோரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட அதே உறுமல். சேதி இன்னும் மலையேறவில்லை போலிருக்கிறது."

ஆடி மாசத்தில் யாரடி மிளகு காயவைக்கிறார்கள்? அடிவாரத்தில் பிறந்தவளுக்கு இதுகூடவா மறந்துபோகும்?

இந்த இசையை எனக்குக் கொடுத்தது யார்? நாமக்கல்லில் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து, "இதைக் கேளு கலை, வயித்துக்குள்ள பூந்து ஆட்டும்" என்று இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் சொருகியவள் நீ. அன்றைக்குச் சோற்றை மறந்து கேட்டோம். நீ அடுத்ததற்குப் போய்விட்டாய், நான் அதிலேயே நின்றேன். நின்றது குற்றமா?

கோவையில் ஒரு கல்லூரி இசை விழாவில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். மலைக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் மேடை. நேற்று அங்கிருந்து ஒரு பையன் பேசினான். "மேடம், அந்தக் கட்டுரையைப் படிச்சோம். டப்ஸ்டெப்பெல்லாம் இப்ப போவாதாமே. நீங்க மலைக்காரங்கதானுங்களே, உங்க டிரெஸ்ல வந்து உங்க மலைப்பாட்டு ரெண்டு பாடிருங்களேன்" என்றான். எனக்குக் காக்காய்த் தொண்டை என்று உனக்குத் தெரியும். என்னைப் பாடச் சொல்கிறான். எந்த டிரெஸ்ஸைச் சொல்கிறான் என்றும் விளங்கவில்லை. நான் போட்டிருந்தது நைட்டி.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடமிருந்து பதில் வேண்டும்.

கலைமணி


பெங்களூர்
12.8.2025

அன்புள்ள கலைக்கு,

நீ அன்பைப் போடாவிட்டால் போ, நான் போடுகிறேன்.

என் மகன் பிறந்து பதினாலு மாசம் ஆகிறது. பார்க்க வரவில்லை, ஒரு வரி எழுதவில்லை. ஒரு கட்டுரைக்கு இரண்டு பக்கம் வருகிறது. சந்தோஷம்.

உன் பெயரை நான் எழுதவே இல்லை. எழுதியதில் பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் பற்பசை விளம்பரத்துக்குக்கூட அந்த உறுமலைப் போட்டார்கள். அன்றைக்கே அதன் கதை முடிந்துவிட்டது. இன்றைக்கு இருபது வயசுப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினால் சிரிக்கிறார்கள். அவர்கள் முன்னால் நீ போய் நின்று, அவர்கள் சிரித்தால் யாருக்கு வலிக்கும்? உன்னைக் காப்பாற்றவே எழுதினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தோழி கோபித்துக்கொள்வாள் என்று பார்த்துப் பார்த்து எழுதினால் நான் எழுதுகிறவளே இல்லை.

நீ கெட்டிக்காரி, கலை. இந்தப் பதினைந்து வருஷத்தில் எவ்வளவோ புதுசு வந்துவிட்டது. கற்றுக்கொண்டால் நாலு நாளில் பிடித்துவிடுவாய். ஊரே விட்டுவிட்ட ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறாய். அதைச் சொன்னால் என்மேல் பாய்கிறாய். தடையை நீக்கு. மனுஷர்கள் மாதிரிப் பேசிக்கொள்வோம்.

உன்,
வாணி


திருப்புலி நாடு
21.8.2025

வாணிக்கு,

குழந்தையைப் பார்க்க வராதது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒப்புக்கொள்வேன் என்று உனக்குக் காட்டத்தான் முதலில் எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லையாம். கொல்லிமலையில் டப்ஸ்டெப் செய்கிற பொம்பளைகள் ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிறார்களா, அதில் யார் என்று தெரியாமல் போவதற்கு? சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்கிற அக்காவே, "உன்னையப் பத்தி என்னமோ போட்டிருக்காங்களாமே சாமி" என்று கேட்டாள்.

டப்ஸ்டெப் உங்கள் ஊருக்கு 2011இல் வந்தது, அதைச் செய்வது எனக்கு லேப்டாப் கைக்கு வந்த பிறகுதான் வந்தது. முதல் ஸ்டாப்பில் ஏறினவள் இறங்கிப்போய்விட்டாள் என்பதற்காகக் கடைசி ஸ்டாப்பில் ஏறினவளைப் பார்த்து, பஸ்ஸே ஓடவில்லை என்பாயா? பழசு என்று நீ சொன்னதுகூட எனக்குப் பெரிசில்லை. பழசுதான். எனக்கே தெரியும்.

இணையத்திலிருந்து இறக்கியது என்று எழுதினாயே, அதுதான் ஆறவில்லை. வாணி, அந்த உறுமல் மாதம்மாள் அக்காவின் மாவு மில். சாயங்காலம் எல்லா ஊட்டிலும் லைட் போட்டதும் கரண்டு இறங்கி, மோட்டார் இழுக்க முடியாமல் 'வவ்வ்வ் வவ்வ்வ்' என்று திணறுமே, அதுதான். ராகி மூட்டைமேல் உட்கார்ந்து போனில் பிடித்தேன். அதை வெட்டி, இழுத்து, பாட்டாக்க எனக்கு ஏழு மாசம் ஆனது. லீவுக்கு என்னோடு வந்தபோதெல்லாம் அந்த மில்லில் தலைக்கு மாவு படிய நின்றிருக்கிறாய். "இது எப்படி கலை அழுவுது" என்று நீதான் கேட்டாய்.

இங்கே முதல் தடவை போட்டபோதே சின்னப் பிள்ளைகள் "மில்லு, மில்லு" என்று குதித்தார்கள். மாதம்மாள் அக்கா, "என் மோட்டாரக் கிண்டல் பண்றியா புள்ள" என்று சண்டைக்கு வந்தாள். படிக்காத ஜனத்துக்கு முதல் தடவையிலேயே தெரிந்தது. இசை பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிற உனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போனது? நீ கேட்டாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

கலைமணி


பெங்களூர்
1.9.2025

என் கலைக்கு,

கேட்கவில்லை.

பன்னிரண்டு விநாடி கேட்டேன். மெட்ரோவில், போன் ஸ்பீக்கரில். அதில் உறுமலின் கனத்த அடிச்சத்தம் எதுவுமே வராது என்று உனக்குத் தெரியும். தெரிந்த சங்கதிதானே என்று மூடிவிட்டேன். கட்டுரையை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் ஒருநாள், காலேஜில் யார் என்ன கேட்டோம் என்று பேச்சு வந்தது. டப்ஸ்டெப் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை உன் தலையில் இறக்கிவைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று பையனைத் தூங்கவைத்துவிட்டு முழுசாகக் கேட்டேன். மில் வந்தது. தேம்பி அழுதேன், இதை நம்பாவிட்டாலும் சரி. மன்னித்துவிடு.

இதோடு நிற்கவில்லை. திருத்தம் எழுதிப் போட்டுவிட்டேன். அந்த இதழை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். "கலைமணியின் இசை டப்ஸ்டெப் அல்ல. அது ஒரு மலைமகளின் ஆதி ஒலி. தானியம் அரைக்கும் மண்ணின் தாளம்" என்று தொடங்கியிருக்கிறேன். நல்ல வரவேற்பு. கோவைக் கல்லூரிக்கும் பேசினேன். உன் அரை மணி நேரம் உனக்கே. பாட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இனி யாரும் உன்னைப் பழசு என்று சொல்லமாட்டார்கள். தடையை நீக்குவாயா?

வாணி


திருப்புலி நாடு
22.9.2025

வாணிக்கு,

கேட்கவில்லை என்று நீ ஒப்புக்கொண்ட இடத்தில் என் கோபம் பாதி இறங்கியது. தடையை நீக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டேன்.

டப்ஸ்டெப் அல்லவா? நீ யாரடி அதைச் சொல்ல? நிமிஷத்துக்கு நூத்தி நாற்பது தட்டு வேகத்தில், நீ கொடுத்த மெமரி கார்டிலிருந்து படித்துப் படித்து, ஒவ்வொரு உறுமலையும் எண்ணிச் செய்தது அது. மாதம்மாள் அக்கா மில் வந்ததே நான் ஹைஸ்கூல் போகும்போதுதான். அதில் என்ன ஆதி? அது கோயமுத்தூர் மோட்டார்.

நீ முன்னால் செய்தது சோம்பேறித்தனம். இப்போது செய்ததற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. இதைத் தொடங்கிவைத்த லண்டன்காரன் செய்தது பழசாகலாம். பெங்களூர்க்காரி கேட்டது பழசாகலாம். நான் செய்தால் மட்டும் ஆதி, மண், மலைமகள். உங்களைப் போலச் சும்மா பழசாகிப்போக எனக்கு உரிமை இல்லையா? அந்தப் பையன் மலைப்பாட்டு பாடச் சொன்னதற்கும் நீ எழுதியதற்கும் என்ன வித்தியாசம்? அவனாவது போனில் சொன்னான். நீ அச்சடித்தாய்.

கோவைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பூபதி வரமாட்டார் என்று நினைத்தேன், ஒரு நாள் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். உன் திருத்தத்தை வாசித்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் பாசிமணி ஒன்றைப் போட வந்தார்கள், கையைத் தட்டிவிட்டேன். மைக்கை வாங்கி, "என் பேரு கலைமணிங்க. நான் பண்றது டப்ஸ்டெப். அது பழசாயிருச்சுன்னு சொல்றாங்க. நெசமா இருக்கலாம், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன். பிறகு போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சிலர் சிரித்தார்கள், நீ சொன்னது சரிதான். மீதி இருந்தவர்களில் ஒரு நாற்பது பேர் கடைசிவரைக்கும் ஆடினார்கள். முடிந்ததும் ஒரு பெண் வந்து, "இரண்டாவது பாட்டு இழுவையா இருக்குங்க அக்கா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். வந்ததும் அதில் ஒரு நிமிஷத்தை வெட்டிவிட்டேன்.

எழுந்து போனவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பஸ்ஸில் மலையேறும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர்கள் கேட்டார்கள், பிடிக்கவில்லை, போனார்கள். உனக்கும் பிடிக்காமலே போயிருக்கலாம் வாணி. நீயும் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

குழந்தைக்கு ஒரு டப்பா மலைத்தேன் அனுப்பியிருக்கிறேன். ஒரு வயசு தாண்டிவிட்டது, கொடுக்கலாம். தடை இருக்கட்டும், நீ பதில் எழுத வேண்டாம்.

கலைமணி