மாப்பிள்ளை வீட்டு வரிசையில் போய் உட்கார்ந்த அக்காவுக்கு

என் ஆசைக்கும் கோபத்துக்கும் சம உரிமைக்காரியான சாந்தா அக்கா,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதா? இருந்தால் அதன் பக்கமே போகாதே. இங்கே நாங்கள் உன் முகத்தை வைத்து அடித்த கூத்தை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. யாரிடமாவது கொட்டினால்தான் ஆறும். உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் போய்க் கொட்டுவேன்?

முதலில் நல்ல செய்தி. உன் மகள் சுகந்திக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான், என் கண்ணாலேயே பார்த்தேன். வருகிற ஆவணியில் விழுப்புரத்தில் முகூர்த்தம். உன் இடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டுமென்று, நீ இல்லாமல் தனியாளாகிவிட்ட மாமா சொல்லிவிட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இனி கெட்ட செய்தி. நிச்சயதார்த்தத்தன்று நீ மாப்பிள்ளை வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

எப்படி என்று கேட்கிறாயா? நீ இறந்த அன்றே அது ஆரம்பித்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து உங்கள் தெருவில் இறங்கினேன். முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதே தெருவில் அன்றைக்கே வேறு யாரோ ஒரு பெண்ணும் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கோதுமை மாவு நிறம், நெற்றியில் ஒரு கோடு கிடையாது, கன்னத்தில் கறுத்த மங்குத் திட்டு கிடையாது, உதடு ரோஸ். கீழே உன் பெயரைப் படித்த பிறகுதான் அது நீ என்று தெரிந்தது.

பேனர் கடைக்காரரை யாரும் வெளுக்கச் சொல்லவில்லையாம். அவராகவே செய்து கொடுத்திருக்கிறார், கூடுதல் மரியாதையாக. செத்துப் போனவர்களை வெள்ளையடித்து அனுப்புவதுதான் மரியாதை என்று இந்த ஊரில் எப்போது முடிவானது? என்னை யாரும் கேட்கவில்லையே. அந்தப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, காரியத்தன்று படத்திறப்பும் நடத்தி, உன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் சுகந்தி நிச்சயதார்த்த மண்டபத்துக்கு எடுத்து வந்தாள். அம்மா முன்னால் தட்டு மாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. பெண் வீட்டு வரிசையில் முதல் நாற்காலியில் உன்னை வைத்து, சம்பங்கி மாலை போட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டு அவள் அலங்காரத்துக்குப் போனாள். நான் வெற்றிலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது நம் கண்டமங்கலம் அத்தை வந்திருக்கிறாள். நம் அப்பாவின் கூடப் பிறந்தவள், நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவள். அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். அலேக்காகத் தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தர் போன வருஷம் தவறியவர். அந்த வரிசையில் பாதிப் பேர் அது அவர்தான் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். ‘பெரியம்மா படம் எடுப்பா வந்துருக்குதே’ என்று யாரோ மெச்சியும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவரவர் வீட்டுச் செத்தவர்களை அடையாளம் தெரியாமல் போய்விட்டது, பார்த்துக்கொள்.

தட்டு மாற்றினார்கள். நிச்சயப் புடவையை வாங்கிக்கொண்டு சுகந்தி உன்னிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தாள். உன் நாற்காலியில் யாருடைய கைப்பையோ இருந்தது, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். “அம்மா எங்க சித்தி?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் எதிர் வரிசையில், முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவில், நீ ரோஸ் உதட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

“எனக்கு இன்னாடி தெரியும்?” என்றாள் அத்தை. “செவப்பா இருந்துச்சா, மாப்ள வூட்டு ஆளு, போட்டோவ நம்ம சைடுல வெச்சிட்டு மறந்துட்டாங்கன்னு நானே தூக்கிக்கினு போய் வெச்சேன். நம்ம குடும்பத்துல எவடி இம்மாம் செவப்பு?”

மண்டபமே சிரித்தது. சுகந்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் டிரெஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மை கரைகிற மட்டும் அழுதாள். பெற்ற தாயைத் தட்டு மாற்றும் நேரத்தில் தொலைத்துவிட்ட பெண்ணுக்கு நான் என்ன சொல்லித் தேற்றுவேன்?

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன். இந்தப் படத்தை எடுத்துப் பரண்மேல் போடுங்கள், கல்யாணத்துக்கு நிஜமான முகத்தோடு வேறு படம் போடலாம் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உசுரோட இருந்தப்ப வெளுக்கணும் வெளுக்கணும்னு அவ எம்மாம் பாடு பட்டா, உனக்குத் தெரியாதா? இப்பவாவது வெளுப்பா இருந்துட்டுப் போவட்டுமே. வுடு மல்லிகா.”

நானே அந்தப் படத்தைத் திரும்பக் கூடத்தில் மாட்டினேன் அக்கா. அவர் சொன்னதில் பொய் இல்லையே.

சத்துணவுக் கூடத்து அடுப்பனலில் நின்று நின்று உன் கன்னத்தில் மங்கு படர்ந்தபோது நீ பூசாதது என்ன? எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, யாரோ சொன்னார்கள் என்று பல் விளக்கும் பேஸ்ட் வரை பூசினாய். கடைசியில் அந்த டப்பா வந்தது. வெள்ளை மூடி, பேர் கிடையாது, என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது. பழைய பூவும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாடை. முதல் மாசம் ஜொலித்தாய். என்ன பூசுகிறாய் என்று தெருவே கேட்டது. அப்புறம் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, சிவந்து, அடுப்புக்கிட்டே போனாலே எரிகிறது என்று கத்தினாய். கன்னத்தில் பூனை முடி முளைத்தது. பாண்டிச்சேரித் தோல் டாக்டர் அந்த டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, உன் கன்னத்தைப் பார்த்தே ஸ்டீராய்டு என்று சொல்லிவிட்டார். நம் முகத்தில் பூச இப்படி ஒரு விஷத்தைப் பேர்கூடப் போடாமல் விற்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு முகம் இருக்காதா? சீ.

அவர் எழுதிக் கொடுத்தது ரொம்பச் சாதாரணம். காரமில்லாத சோப்பு, ஈரம் காயுமுன் பூச ஒரு கிரீம், வெளியே போகவும் அடுப்படியில் நிற்கவும் சன்ஸ்கிரீன், கையில் குடை. மங்கு குறையும், ஆனால் முழுசாகப் போகாது, இந்த வயசில் தோலைப் புண்படுத்தாமல் இருப்பதுதான் வைத்தியம் என்றார். திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். கண்டமங்கலம் தாண்டின பிறகு, “போவாததப் போயா இத்தினி வருசம் தொரத்திக்கினு இருந்தேன்?” என்றாய். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்கப்புறம் வந்த அக்காதான் எனக்கு ரொம்பப் பிடித்த அக்கா. திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிறந்ததிலிருந்து தொடாத லிப்ஸ்டிக்கை வாங்க வேண்டும் என்றாய். கடைப்பெண் உன் வயசைப் பார்த்து வெளிர் பிங்க்கை நீட்டினாள். நீ கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இத்தப் போட்டா ஜொரத்துல பட்த்துக்கினு இருந்தவ மாதிரி இருக்குதுமா. செங்கல்லு கலரு எடு” என்றாயே! அதைப் பூசிக்கொண்டு நீ திரும்பியபோது உன் கறுப்புக்கு அது எவ்வளவு பாந்தமாக இருந்தது. அந்தப் பெண்ணே சூப்பர்மா என்றாள். மறுவாரம் திருவாமாத்தூர் கோயில் வாசலில் அதே உதட்டோடு உன்னைப் படம் எடுத்தேன். மங்கு இருந்தது, கண்ணோரம் சுருக்கம் இருந்தது, எல்லாமே சிரித்தது. நாலைந்து மாசம்கூட ஆகவில்லை. நெஞ்சுவலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

வெளுக்க ஏங்கியவளும் நீதான், செங்கல் கலர் கேட்டவளும் நீதான். எந்த சாந்தாவைக் கல்யாணத்தில் உட்கார வைப்பது? மாமா சொன்னதற்குப் பிறகு எனக்கே குழப்பமாகிவிட்டது. ஒருவேளை உனக்கு அந்த மாவு நிறம்தான் சந்தோஷமோ என்றுகூட நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் குழப்பம் தீர்ந்தது. தனக்கு மேக்கப் போடப்போகிற பார்லரில் எனக்கும் ட்ரையல் பார்க்கச் சுகந்தி கூப்பிட்டாள். ‘மதர் லுக்’ என்று ஒன்று இருக்கிறதாம். எனக்கும் இப்போது மங்கு வந்துவிட்டது அக்கா, உனக்கு வந்த அதே இடத்தில். அந்த மேக்கப்காரப் பெண் என் தாடையைப் பிடித்துச் சந்தையில் கத்தரிக்காய் திருப்புகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“ஆன்ட்டி, உங்க ஸ்கின் செம டேமேஜ். ரெண்டு ஷேடு தூக்கிப் போட்டாத்தான் ஸ்டேஜ்ல தெரிவீங்க.”

“இத்தினி வருசமா தெரியாமலாம்மா இருந்தேன்?” என்றேன். அவள் காதில் விழவில்லை.

முந்தியவள் முகத்தில் தேய்த்த பஞ்சையே எடுத்தாள். அதில் யாருடைய வேர்வையோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது. வறண்ட என் தோலில் ஒரு சொட்டு ஈரப்பசை தடவாமல் மாவு மாவாக அப்பினாள். மேலே பவுடர், அதற்கு மேலே இன்னொரு பவுடர். கண்ணாடியைக் காட்டினாள். முகம் ஒரு ஆள், கழுத்து இன்னொரு ஆள். சிரித்துப் பார்த்தேன், கண்ணோரச் சுருக்கங்களில் பூச்சு போய் உட்கார்ந்து காய்ந்த சுண்ணாம்பாக வெடித்தது. எனக்கு அருவருப்பில் உடம்பே கூசியது. பேனரில் பார்த்தேனே, அதே அந்நியப் பெண், இப்போது என் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டாளா? “நைட்ல இத மட்டும் போட்டுக்கினு வாங்க ஆன்ட்டி. கல்யாணத்துக்குள்ள மங்கு ஓடிடும்” என்று ஒரு டப்பாவை நீட்டினாள். வெள்ளை மூடி. திறந்தேன். பழைய பூவும் மருந்தும் கலந்த அதே வாடை. மூடி அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.

“பத்திர ஆபீஸ் வாசல்ல உக்காந்து டைப் அடிக்கிறவ நானு. பேர் இல்லாம ஒரு செண்டு நெலத்தக்கூட நாங்க எழுத மாட்டோம். பேரே இல்லாதத மூஞ்சில எழுதச் சொல்றியாம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது.

துடைத்துக்கொண்டு திரும்பினால் சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரக் கன்னம், மங்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும். அவள் அந்தப் பெண்ணிடம், “எனக்கும் என் கலர்லயே போட முடியும்னா போடுங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்” என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் கேட்டாள்: “சித்தி, அம்மா லிப்ஸ்டிக் போட்டுக்கினு கோயில்ல எடுத்தது உங்க போன்ல இருக்குதா?”

இருந்தது. திண்டிவனத்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். “லைட்டா ஸ்கின் மட்டும் ஸ்மூத் பண்ணிடவாக்கா?” என்றார் ஸ்டுடியோக்காரர். கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்று, ஒரு புள்ளி மாறாமல் பிரிண்ட் எடுக்க வைத்துத்தான் நகர்ந்தேன்.

நேற்று அதை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். மாமாவோடு சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்.

“தெனம் வெளக்கு ஏத்தறேன் மல்லிகா. ஆனா அத்தக் கண்டு ஒரு வார்த்த பேசினதில்ல. யாரு வூட்டுப் பொம்பளையோ நிக்கிறாப்ல கூச்சமா இருக்கும். ஏத்திட்டுத் திரும்பிடுவேன்.”

சொல்லிவிட்டு மடியிலிருந்த உன்னைப் பார்த்தார். “சாந்தா, நம்ம சுகந்திக்குக் கல்யாணம். உங்கிட்ட இன்னும் சொல்லவே இல்ல பாரு” என்றார். நானும் சுகந்தியும் அடுப்படிக்குள் போய்விட்டோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார் அக்கா. மாப்பிள்ளை பேரில் ஆரம்பித்து, பந்தல்காரன் ஏமாற்றப் பார்த்தது வரைக்கும்.

இப்போது உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். ஆவணியில் நீ நம் வரிசையில், நம் நிறத்தில் உட்காருவாய். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகிறவரை உன் நாற்காலியை விட்டு என் கண் நகராது. யாராவது பவுடர் பஞ்சைத் தூக்கிக்கொண்டு உன் பக்கமோ என் பக்கமோ வந்தால், கல்யாண வீடென்றுகூடப் பார்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகும்
உன் தங்கச்சி மல்லிகா,
திண்டிவனம்