இரண்டாயிரத்து ஐந்நூறு அடி

லேக் ஹார்லன், ஃப்ளோரிடா
மார்ச் 3, 2014

அன்புள்ள டார்லா,

போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். குட்டி ஜூனிக்குப் பல் விழுந்ததா? அவள் லீவுக்கு வருவாளே என்று ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு மாற்றியிருக்கிறேன்.

ராய்ஸ் ஒன்பது வருட ஜெயிலை முடித்து வெளியே வந்துவிட்டார். உனக்கு அப்பா முறை என்று எழுதக் கை வரவில்லை. என் புருஷன், அவ்வளவுதான். குழந்தைகள் விஷயமான வழக்கு என்பதால், பள்ளிக்கூடம், பூங்கா, பஸ் நிறுத்தம் எதிலிருந்தும் இரண்டாயிரத்து ஐந்நூறு அடிக்குள் அவர் குடியிருக்கக் கூடாதென்று சட்டமாம். ஊரில் அப்படி மிஞ்சியது ரயில்பாதை ஓரம்தான். அவரைப் போல வெளியே வந்த பதினேழு பேர் அங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள். எங்கே போகிறார் என்று கண்காணிக்கக் கணுக்காலில் மாட்டிய கருவிக்குச் சார்ஜ் ஏற்ற, பெட்ரோல் பங்க் சுவரோரம் மணிக்கணக்காக நிற்கிறாராம். அறுபத்து மூன்று வயது, டார்லா.

நேற்று கண்காணிப்பு அதிகாரி நம் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் மூன்று மைல். அளந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி வீடு கிடைக்கவே கிடைக்காதும்மா. சட்டப்படி சுத்தமான இடம்" என்றார்.

அவர் இங்கே தங்கச் சம்மதம் என்று இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன்னைக் கேட்காமல் போட மனம் வரவில்லை.

முத்தங்களுடன்,
அம்மா

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 11

அம்மா,

ஜூனிக்கு இரண்டு பல் விழுந்தது.

அந்த அதிகாரி எதிலிருந்து எதுவரை அளந்தார்? எனக்கு நடந்தது பள்ளிக்கூடத்திலா, பூங்காவிலா? பஸ் நிறுத்தத்தில் நின்ற நேரம்தான் நான் நிம்மதியாக இருந்த நேரம். நடந்தது அந்த வீட்டில். உங்கள் அறையிலிருந்து என் கதவு பதினொரு அடி. பத்து வயதில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து நானே அளந்தேன், அவன் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொள்ள.

பதினேழு பேர் மழையில் நனைவதால் எந்தக் குழந்தையும் பத்திரமாகிவிடவில்லை. அவனுக்கு எங்காவது ஒரு கூரை கிடைக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. அந்த வீட்டுக் கூரை மட்டும் வேண்டாம்.

பன்னிரண்டு வயதில் என் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்தேன். "நல்ல கதவைப் பாழாக்கிட்டியேடி" என்றாய். தாழ்ப்பாள் எதற்கு என்று நீ கேட்கவில்லை. இப்போதாவது ஒன்று கேட்டாய். பதில் இதுதான்: அவன் வந்தால் ஜூனி வரமாட்டாள். நானும் வரமாட்டேன்.

டார்லா

லேக் ஹார்லன்
ஏப்ரல் 2

அன்பு மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரயில்பாதை ஓரத்தில் ஒருவர் நிமோனியாவில் செத்துப்போனார். ராய்ஸ் சனிக்கிழமை இங்கே வந்துவிட்டார். சட்டமே சரி என்கிறபோது நான் எந்த வாயால் இல்லை என்பது?

குழந்தைச் சாமான் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதென்று அதிகாரி சொன்னார். ஜூனியின் படப் புத்தகங்கள், மழைக் காலணி, மஞ்சள் வாளி எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஊஞ்சலை ராய்ஸே அவிழ்த்தார். அது பெட்டியில் கொள்ளவில்லை.

உன் அறையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். நீ அடித்த தாழ்ப்பாளைக் கழற்றி, என் அறைக் கதவில் உள்பக்கமாகப் போட்டுக்கொண்டேன்.

ஜூனிக்கு என் முத்தம்.

அம்மா