‘மாட்டேன்’ என்றவள் என் வீட்டில் இருக்கிறாள்

என் உயிருக்கினிய பிலோமி அக்காவுக்கு,

நீ மறைந்து ஓராண்டாகிறது. அச்சத்தோடு எழுதுகிறேன், எழுத்தின் கோணலைப் பொறுத்தருள்க.

எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றபின், அகராதியின் துணைகொண்டு நானே ஆங்கிலம் பயின்றவள் நான். அப்பெருமை எனக்கு உண்டு. இறால் உரிக்கும் கூடத்தில் உன்னருகே அமர்ந்து, பழைய ஆங்கில நாவல்களை நம் பெண்களுக்குத் தமிழில் சொல்லிவந்தேன். செல்வந்தன் மணம் கேட்க, நாயகி நிமிர்ந்து ‘மாட்டேன்’ என்னுமிடத்தில், ஐஸில் மரத்த விரல்களெல்லாம் அசைவற்று நிற்கும்.

நீ மட்டும் கேட்பாய்: “ஏளா, மாட்டேன்னுட்டா, சரி. ராத்திரி அவளுக்குச் சோறு யாரு போடுவா?”

“கதையைக் கெடுக்காதே அக்கா.”

“நான் எங்களா கெடுத்தேன்? அவளுக்குப் பசிக்கும்லா?”

கூடமே சிரிக்கும்.

நேற்று நம் கூடத்துப் பெண்ணொருத்தி துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள். பெயரை இங்கு எழுதவில்லை, நீ அறிந்தவளே. வீட்டார் பேசி முடித்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை.

“மாட்டேன்னுட்டேன்க்கா. நீங்க சொன்ன கதையில அவ சொன்னாள்லா, அதே மாதிரி!”

அவள் முகம் மலர்ந்திருந்தது. நானோ முதலில் தெருக்கதவைத் தாழிட்டேன்.

அந்நாவல்களில் மறுத்தவளுக்கு எங்கிருந்தோ ஒரு சொத்து வந்து சேரும். அதை வசதியான முடிவென்றே எண்ணியிருந்தேன். இன்றுதான் புரிகிறது: மறுப்பவளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். நான் ‘மாட்டேன்’ என்ற சொல்லை மட்டும் கொடுத்துவிட்டேனா?

காலையில் அவள் அண்ணன் தெருவில் நின்று கத்தினான்: “ஏ டீச்சரம்மா! கதையா சொல்லுதீய? சாயங்காலம் ஆளோட வாரேன். முடிவையும் நீங்களே சொல்லுங்க!”

எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டனர். அவளுக்கு இருபத்திரண்டு வயது. சட்டம் அவள் பக்கம். காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்டேன். “பாக்கிறோம்மா” என்றார்கள். உப்பு லாரிகள் நெரியும் சாலையைக் கடந்து சட்டம் என் வாசலுக்கு வருமுன் அவன் வந்துவிட்டால்?

தாழ்ப்பாளை மறுபடி மறுபடி தொட்டுப் பார்க்கிறேன். அவளோ, “குழம்புக்கு இவ்வளவு உப்பு காணுமாக்கா?” என்று கேட்கிறாள். அவளது அந்த நம்பிக்கைதான் என்னை மேலும் அச்சுறுத்துகிறது.

நீ இருந்திருந்தால் எனக்கு முன்னே வாசலில் நின்றிருப்பாய். பொழுது சாய்ந்துவிட்டது; தெருமுனையில் பைக்குகளின் ஓசை கேட்கிறது. உனக்கு வாக்களிக்கிறேன், அக்கா: அவள் தானாக விரும்பிப் புறப்படும்வரை இவ்வீடு அவளுடையது. கதவை நானே திறந்து, வெளியே நின்று, எனக்குப் பின்னால் சாத்திக்கொள்வேன்.

உன் கூடப்பிறவாத் தங்கை,
ஞானசெல்வம்