புள்ளி விழுந்த படம்

உன் கமராவை நேற்று உன் மனைவி கொண்டுவந்து தந்தார். அதை வைத்திருந்த பிஸ்கற் ரின்னைத் திறந்ததும் வறுத்த அரிசி மணந்தது. மாரி ஈரத்தில் லென்ஸ் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நீ துணியில் முடிந்து வைத்த அரிசி. கண்டாவளையில் நெல் விதைப்பதே கமராக்களுக்காகத்தான் என்பது உன் கொள்கை.

நம் இருவரின் கமராவும் ஒரே கொம்பனி. சென்சர் ஒரே அளவு, ஒரே இருபத்துநாலு மெகாபிக்சல். உன்னுடையது கொஞ்சம் புதியது. மங்கல் வெளிச்சத்திலும் படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளி விழாது என்றாய். அந்த வித்தியாசம் தெரிய, படத்தைக் கணினியில் கண்டபடி பெரிதாக்க வேண்டும். ஒரு கலியாணப் படத்தில் மணப்பெண்ணின் கொண்டை நிழலைப் பெரிதாக்கி அரைநாள் சண்டை பிடித்தோம். அவள் கண்ணை மூடியிருந்ததை, அல்பம் கொடுத்த பிறகு தாய்தான் கண்டுபிடித்தார்.

கடைசியில் பூநகரிக் கடலோரம், பொழுதுபடும் நேரம், முறையாகச் சோதித்தோம். முகம் வேண்டும், அங்கே நின்றது நாம் இருவர்தான். நீ என்னை எடுத்தாய், நான் உன்னை எடுத்தேன்.

"ஒரே முகத்தை எடுத்தால்தானே மச்சான் ஒப்பிடலாம்? உன்ர மூஞ்சியை எந்தச் சென்சர் தாங்கும்?" என்று சிரித்தாய். அப்போது அழுத்தினேன். என் கமராவில் பார்த்துவிட்டு, "ஒரே புள்ளியடா, அழி" என்றாய்.

"ஏன், நான் தோத்திடுவன் எண்டோ? கிடக்கட்டும்" என்றேன்.

நீ திடீரென்று போனாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்குப் படம் தேடினோம். பழையவை இடப்பெயர்வில் போயின. அதன் பிறகு நீ எப்போதும் கமராவுக்குப் பின்னால். என் கணினியில் உன் கறுப்புச் சேட்டின் மடிப்பு இருந்தது, உன் பெருவிரல் இருந்தது, எல்லாம் சோதனைப் படங்கள். முகம் என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

"புள்ளி கூடவாக் கிடக்கு, தங்கச்சி" என்றேன் உன் மனைவியிடம்.

"எனக்கும் கண் தெரியும், அண்ணை. சிரிக்கிறாரெல்லோ? இதையே போடுங்கோ."

இன்று கமரா இரண்டும் என் மேசையில் இருக்கின்றன. உன் கமராவின் கார்ட்டில் அந்தப் பின்னேரத்து என் முகத்தைக் கண்டு, பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். நீ சொன்னது சரி மச்சான், உன் சென்சர்தான் திறம். இதைக் கேட்டிருந்தால் ஒரு மாரி முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பாய்.

அரிசியைப் புதிதாக வறுத்து வைத்தேன்; கொஞ்சம் கருகிவிட்டது. துல்லியமான படத்தில் நான் இருக்கிறேன். புள்ளி விழுந்ததில்தான் நீ.