கரைக்குக் கேட்கும் கருவி

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. பதினான்கு மாதமாக நீங்களும் பேசவில்லை, அக்காவையும் பேச விடவில்லை. பாப்பாவைப் பறிகொடுத்த தகப்பன். உங்கள் மேல் தப்பில்லை.

படகை மறுபடி இறக்கப் போகிறேன். வேறு தொழில் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடினாலே செல்போனில் சிக்னல் செத்துவிடுகிறது. அதற்கப்பால் ஆபத்தென்றால் கரையைக் கூப்பிட எதை வாங்குவது? கடைக்காரர் பத்துக் கருவியைக் காட்டி, "எல்லாமே நல்லதுதான் சார்" என்கிறார். ரேடியோ மெக்கானிக் என்று எனக்கு உங்களை விட்டால் யாருமில்லை.

உங்கள் மைத்துனன்


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில்.

கையில் பிடிக்கும் ரேடியோ பக்கத்துப் படகுக்குத்தான் எட்டும். படகில் பொருத்தும் ரேடியோ, ஆன்டெனா உயரமாக இருந்தால், நல்ல தூரம் போகும். அது கட்டாயம். அதற்கும் அப்பால் செயற்கைக்கோள்தான். குறுஞ்செய்திக் கருவி நல்லதே. சந்தா கட்ட மறந்தால் வெறும் பொம்மை. பீக்கன் என்ற அவசரக் கருவி பேசாது. பொத்தானை அழுத்தினால் நீ இருக்கும் இடத்தை மீட்புப் படைக்குச் சொல்லும். பேட்டரி வருடக்கணக்கில் நிற்கும். ரேடியோவும் பீக்கனும் வை.

அன்று உன் படகில் பீக்கன் இருந்திருந்தால் என் மகள் மாலையே கரை சேர்ந்திருப்பாள். எஞ்சின் நின்றபின் இரண்டு நாள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாயாமே. உன்னை நம்பித்தானே அனுப்பினேன்.

அத்தான்


மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

நீங்கள் கேட்கவேயில்லை, ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எஞ்சின் நின்றதும் ஓர் அலையில் படகு சாய்ந்து, கல்லூரி ஆய்வுக்காக அவள் கடல்நீர் பிடித்து வைத்திருந்த பெட்டி அவள் வயிற்றில் இடித்தது. முதலில் சிரித்தாள். "ஒண்ணுமில்ல மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். மறுநாள் எழ முடியவில்லை. கடைசியாக, "அப்பா திட்டுவாரா மாமா?" என்று கேட்டாள். "மாட்டார்டா. நான் பேசிக்கறேன்" என்றேன்.

பேசத்தான் முடியவில்லை.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அன்று உன் படகு ரேடியோ என் கடை மேசைமேல் கிடந்தது. பழுது பார்க்க நீ கொடுத்து மூன்று வாரம். கிளம்பின காலையிலும் வந்து கேட்டாய். "ஒரு நாள்தானே, ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, வந்ததும் தரேன்" என்றேன். எல்லாம் முடிந்தபிறகு அதைத் திறந்து பார்த்தேன். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. பத்து நிமிட வேலை.

சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கொலைகாரன் என்றேன். நீ தலை குனிந்து நின்றாயே தவிர, ரேடியோ யாரிடம் இருந்தது என்று வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

நேற்றுக் காலை உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "இத்தனை மாசம் என் தம்பி முகத்தைப் பாக்க விடாம பண்ணிட்டீங்களே" என்றாள். துணிகளை எடுத்து வைத்துவிட்டாள். உன் வீட்டுக்கு வருகிறாள். நான் தடுக்கவில்லை.

சரிசெய்த ரேடியோவையும் புதுப் பீக்கனையும் அவளிடமே கொடுத்திருக்கிறேன். பீக்கனைக் கட்டாயம் பதிவு செய். ஆபத்தென்றால் யாரை அழைப்பது என்று கேட்பார்கள். அக்கா பெயரை எழுது. இரண்டாவதாக ஒரு பெயரும் கேட்பார்கள்; என் பெயர் வேண்டாமென்றால் வேறு யாரையாவது போடு.

அத்தான்